மூன்று மாதமாகியும் பச்சை விறகா?

கேள்வி: ஏப்ரல் மழையில் பக்கத்து வீட்டு சில்வர் ஓக் சாய்ந்தது. வெட்டியவரிடம் 200 கிலோ கட்டையை எடைபோட்டு வாங்கி, மாடியில் சுவரோரம் அடுக்கி, தார்ப்பாயால் இழுத்துக் கட்டினோம். மூன்று மாதமாகியும் வெந்நீர் பாய்லரில் ஒரே புகை. கட்டை முனையில் நுரை தள்ளுகிறது. 'பச்சை விறகு, அப்படித்தான்' என்கிறார் மாமியார். இன்னுமா பச்சை?
- வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இன்னும் பச்சைதான். மாமியார் சொன்னது சரிதான் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த நுரை, மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து வெளியே வருவது.

ஸ்ரீராம்புரத்தில் அப்பா விறகுக் கடை வைத்திருந்தார். பச்சைக் கட்டையை எடைபோட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால், 'தண்ணி வாங்கிட்டுப் போறாங்க' என்பார். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்குள் இருக்கும். உங்கள் 200 கிலோ அந்தப் பதத்துக்கு வரும்போது 125 கிலோதான் தேறும். மீதி 75 கிலோ, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்! ஈரக் கட்டையை வைத்தால் தீ முதலில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிறது. அடுப்பு சூடேறாது; மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகப் போகும்.

காயவிடாமல் செய்தது தார்ப்பாய். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடிவிட்டீர்கள். நானும் ஒரு மழைக்காலத்தில் இப்படிக் கட்டிவைத்து, பிரித்தால் கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பாயை மட்டும் உருவிக்கொண்டு போனார்.

முதலில் கட்டைகளைப் பிளந்துவிடுங்கள். ஈரம் பெரும்பாலும் மரத்தின் நார் வழியே முனைக்கு ஓடியும், பிளந்த பக்கங்கள் வழியாகவும் வெளியேறும். பட்டை அதை எளிதில் விடாது. அதனால் குட்டையாக அறுத்து, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தால் சீக்கிரம் காயும். கீழே இரண்டு செங்கல் வரிசை, மேலே குறுக்குச் சட்டம், அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். தகரமோ பாயோ தலைக்கு மட்டும், பக்கங்களைத் திறந்துவிடுங்கள். இப்போது வீசும் மேற்குக் காற்று அடுக்குக்குள் புகுந்து போகட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்களே, விறகின் ஈரம் போகாதா!

செப்டம்பர், அக்டோபர் மழையில் காய்வது கொஞ்சம் பின்வாங்கும், பதற வேண்டாம். பருமனானவை ஜனவரிக்கு அப்புறம் வரும் வறண்ட நாட்களில்தான் சரியாகக் காயும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாச்சில் சாக்பீஸால் குறிபோட்டு, ஞாயிறுதோறும் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடையை அதிலேயே எழுதுங்கள். மழையில்லாத நாட்களில் மூன்று ஞாயிறு எடை மாறாமல் நின்றால் எடுத்து எரிக்கலாம். தராசு இல்லையா? இரண்டைத் தட்டிப் பாருங்கள். ஈரக் கட்டை 'தொப்' என்னும், காய்ந்தது 'டங்' என்னும். முனையில் வெடிப்பும் ஓடியிருக்கும்.

அதுவரை வெந்நீருக்குக் காய்ந்த சவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், கூட நாலு தேங்காய்த் தொட்டி. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டையை மட்டும் போடாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.