பெருங்காயத்தின் இடம் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இணையம் வழியாக மளிகை விற்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சில ஆயிரம் உணவுப் பாக்கெட்டுகளின் லேபிள்களைப் படித்து, கிளை, உட்கிளை என்று ஒரு மரமாக அடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பால், இறைச்சி, மீன், தானியம், காய்கிழங்கு, மசாலாப் பொருட்கள் என்று மேல்மட்டத்தைப் பிரித்தேன். கறி மசாலா, அப்பளம், ஊறுகாய், முறுக்கு, பெருங்காயம் எல்லாவற்றையும் ‘இந்திய உணவு’ என்று தனிக் கிளையாக்கினேன். எதிலும் சேராதவை ‘மற்றவை’. மரத்துக்கு மூன்று மட்டம் போதுமா, ஐந்து வேண்டுமா? கணினியே லேபிளைப் படித்துப் பிரித்துவிடும் என்கிறார்களே, நம்பலாமா? நீங்கள் நூலகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ம., பீனிக்ஸ்

அன்புள்ள தம்பி,

மட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பார்கோடு எண்களைத் தரும் ஜிஎஸ்1 அமைப்பின் வகைப்பாட்டில் நான்கு மட்டம். உணவில் சேர்க்கும் ரசாயனங்களுக்காக கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் 16 பெரும்பிரிவுகள். சில ஆழமாகப் போகும், சில சீக்கிரமே நின்றுவிடும். பொருள் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வை. கணினியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீ தப்பாகப் பிரித்துக் காட்டினால் அதுவும் தப்பாகவே பிரிக்கும்.

பட்டியலைத் திறந்ததும் நான் தேடியது பெருங்காயத்தை. என் தங்கையின் பேரனுக்குச் சீலியாக் நோய், கோதுமை ஆகாது. ரொட்டி, பிஸ்கட், ரவை எல்லாவற்றையும் நிறுத்தியும் பையனுக்கு வயிறு சரியாகவில்லை. தேடிப் பார்த்தால் ரசத்தில் போடும் பெருங்காயத்தில் கோதுமை மாவு. டப்பாவைத் திருப்பிப் பார்: பெருங்காயம், கோந்து, கோதுமை மாவு. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் இப்படித்தான். சிலவற்றில் மட்டும் அரிசி மாவு. கோதுமை இருந்தால் லேபிளில் சொல்லியே ஆகவேண்டும் என்று நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. அந்த டப்பாவிலும் சொல்லியிருந்தது. வீட்டில் யாரும் படிக்கவில்லை, ஏனென்றால் பொடியில் மாவு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது உன் மரத்துக்கு வா. மசாலாக் கிளைக்கு ‘கோதுமை உண்டா’ என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறாய், நல்ல காரியம். ‘இந்திய உணவு’க்கு அந்தக் கேள்வியே இல்லை. எப்படி இருக்கும்? அப்பளம் உளுந்து. ஊறுகாய் மாங்காயும் எண்ணெயும் உப்பும். முறுக்கு எண்ணெயில் பொரித்த பலகாரம். பெருங்காயமோ ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். இந்த நாலுக்கும் பொதுவாக எந்தக் கேள்வியைக் கேட்பாய்? ஒரு கிளையில் இருப்பவற்றிடம் ஒரே கேள்வியைக் கேட்க முடியவில்லை என்றால் அது கிளையே இல்லை, தம்பி. அந்தப் பையனின் அம்மா நாளை உங்கள் தளத்தில் ‘கோதுமை இல்லாதது’ என்று தட்டினால், அவளுக்கு இந்தப் பெருங்காயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் வராது. லேபிள் சொன்னதை நீ மறைத்துவிட்டாய்.

இன்னொன்றும் பார்த்தேன். ‘கறி பவுடர்’ மசாலாக் கிளையில் இருக்கிறது. ‘கறி மசாலா’ இந்தியக் கிளையில். இரண்டின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம், வெந்தயம். அதே சாமான்தான், வரிசைதான் கொஞ்சம் முன்பின். எதை வைத்துப் பிரித்தாய்? வாங்குகிறவரின் முகத்தை வைத்துத்தானே?

இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நீ பிறந்தது 1991க்கு அப்புறம் என்று நினைக்கிறேன். அந்த வருஷம்தான் ஆட்களை இனம் இனமாகப் பிரித்து எழுதிய மக்கள் பதிவுச் சட்டத்தை நீக்கினார்கள். 1950இல் வந்த சட்டம் அது. 1959இல் ஒரு பிரகடனம் போட்டு, வெள்ளையரும் ஆப்பிரிக்கரும் அல்லாதவர்களுக்கான ‘கலர்ட்’ என்ற கிளையை உட்பிரிவுகளாக வெட்டினார்கள்: கேப் கலர்ட், கேப் மலாய், கிரிக்குவா, சீனர், இந்தியர், ‘மற்ற ஆசியர்’, அதற்கும் கீழே ‘மற்ற கலர்ட்’. நீ செய்திருப்பதைப் போலவே மேல்கிளை, உட்கிளை, மற்றவை. எந்தக் கட்டத்தில் உன் பெயர் விழுந்ததோ அதை வைத்துத்தான் வீடு, பள்ளிக்கூடம், கடற்கரையில் உட்காரும் இடம் வரை. என் அப்பா கேட்டோ மேனரில் கீரைத் தோட்டம் போட்டிருந்தார். அவரை லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கியது அந்தக் கட்டம்தான். வீடு போனதைவிடத் தோட்டம் போனதைத்தான் அவர் கடைசிவரை பேசினார்.

என் அம்மா சந்தையில் மசாலா கட்டி விற்றாள். வாங்கியவர்களில் பாதிப் பேர் சூலு ஆப்பிரிக்க அம்மாக்கள். பழுப்புக் காகிதப் பொட்டலத்தின் மேல் பென்சிலால் கோடு போடுவாள்: ஒரு கோடு காரம் குறைவு, இரண்டு கோடு காரம், பெருக்கல் குறி போட்டால் மீனுக்கு. யாருக்கு என்று ஒரு நாளும் எழுதியதில்லை. அப்போது அது எனக்கு அதிசயமாகப் படவில்லை. பின்னால் நூலகத்தில் புத்தகங்களுக்கு டூயி வகைப்பாட்டு எண் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், நூலக அறிஞர் சீர்காழிக்காரர் ரங்கநாதனின் வகைப்பாட்டைப் படித்தபோதுதான் அம்மா செய்ததன் அருமை புரிந்தது.

ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, ஒரு புத்தகத்தை ஒரே கிளையில் தொங்கவிடாது. அதனிடம் தனித்தனியாகக் கேள்விகள் கேட்டு, பதில்களைச் சேர்த்து எண் கட்டும். உணவுக்கும் அந்த வழியில் போகிற ஏற்பாடு உண்டு. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தில் தொடங்கிய லாங்குவால் அது. எந்தச் செடி அல்லது விலங்கு, அதன் எந்தப் பாகம், எப்படிச் சமைத்தது, எப்படிக் கெடாமல் வைத்தது, எதில் அடைத்தது என்று தனித்தனிப் பக்கங்கள். யார் உண்பதற்கானது, எந்த ஊர் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது, ஆனால் வரிசையின் கடைசிக்குக் கிட்டே. நீ அதைக் கொண்டுபோய் மரத்தின் உச்சியில் வைத்திருக்கிறாய்.

புரட்டாசியில் நம் ஆட்கள் வாங்கும் சோயா சாசேஜையே எடுத்துக்கொள். 2022இல் விவசாயத் துறை, செடியில் செய்ததற்கு இறைச்சிப் பெயர் கூடாது என்றது. அதன் இடம் பருப்பு வகையில் இருக்கட்டும். ‘புரட்டாசி’, ‘சாசேஜுக்குப் பதில்’ என்று இரண்டு குறிகளை அதன்மேல் ஒட்டு. தேடுகிறவருக்குக் கிடைத்துவிடும். ‘இந்திய’ என்பதும் அப்படி ஒரு குறியாக மட்டும் இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தீபாவளிக்கு ஒரே இடத்தில் எல்லாம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். நம் சாமானுக்கு ஒரு தனி இடம் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பாய். நம் சாமான் இந்த ஊர்ச் சாமான், ராஜா. ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிய பன்னி சௌவை மதுரைக்குப் போய்க் கேட்டுப் பார், ஒருவருக்கும் தெரியாது.

‘மற்றவை’யை முழுக்கக் காலி செய். அதில் மீலி ரைஸ் கிடக்கிறது. அது உடைத்த மக்காச்சோளம், தானியத்தில் போடு. மதும்பி கிடக்கிறது, நம் சேப்பங்கிழங்கேதான், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வை. மிச்சத்துக்கு எனக்கும் லேபிளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா