தேயிலைச் சரிவில் முதியோர் இல்லம்: ஆட்சேபணை மனுவில் எதை எழுதலாம்?

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டிய முதியோர் இல்லம், பக்கத்துத் தேயிலை நிலத்தை வாங்கி 40 படுக்கைகளுடன் விரிவாக்கப் போகிறது. வேளாண்மை என்றிருக்கும் அந்த நிலத்தை நிறுவனப் பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்கள். தெருவே கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறோம். எடுபடுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: கையெழுத்து எத்தனை என்பதை வைத்து மனு நிற்பதில்லை. “ஆம்புலன்ஸ் சத்தம், அடிக்கடி சாவு, மனை விலை இறங்கும்” என்ற வரிகள் இருந்தால் முதலில் அவற்றை அடித்துவிடுங்கள். வயதானவர்கள் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சரிவு தாங்குமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மனு முழுக்க அந்த ஒன்றையே பேசட்டும்.

நில உபயோக மாற்றம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நடப்பது. உள்ளாட்சியின் தீர்மானம், நாளிதழ் அறிவிப்பு, பொதுமக்கள் ஆட்சேபணை என்று கோப்பு நகரும். மலைப்பகுதிப் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தையும் (ஹாக்கா என்பார்கள்) தாண்ட வேண்டும். அதற்கு வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்துகள் போகும். பலரும் கோட்டை விடுவது நாளிதழ் அறிவிப்பில்தான். அதில் குறித்த கெடு முடிந்தபின் வரும் மனுவுக்கு மதிப்புக் குறைவு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஆவணம் கேட்டால் பதிலுக்கு 30 நாள் ஆகலாம்; அதற்குள் கெடு போய்விடும். ஆகவே ஆட்சேபணையை முதலில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள், ஆவணம் வந்ததும் கூடுதல் மனுவாகச் சேர்த்துவிடுங்கள்.

கேட்க வேண்டிய ஆவணங்களில் முக்கியமானது புலப்படம், அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடம். சர்வே எண்ணுக்குள் ஓடைக்கோடு ஓடுகிறதா பாருங்கள். தேயிலை வைத்தபின் ஓடை கண்ணுக்குத் தெரியாது. புலப்படத்தில் இருக்கும், பெருமழையில் மறுபடி வரும். கிராமத்து நிலங்களின் வகையைக் குறிக்கும் ‘அ’ பதிவேட்டில் ஓடை, பாதை, புறம்போக்கு என்ற வகைப்பாடுகளையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடலில் பயன்படும் அளவு. 40 பேருக்கு 5,400 லிட்டர். பணியாளர் கணக்கு தனி. அதில் 80 விழுக்காடு, அதாவது 4,320 லிட்டர், கழிவுநீராக வெளியே வரும். அதை உறிஞ்சு குழியில் விட்டால் சரிவுக்குள் ஊறிக் கீழ்வீட்டுச் சுவரில் கசியும். ‘தினமும் 4,320 லிட்டர் எங்கே போகும்? சுத்திகரிப்பு அமைப்பின் வரைபடம் எங்கே?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

மழைநீருக்கும் இதே கேள்விதான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளின்போது நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. 500 சதுர மீட்டர் கூரைமீது அப்படிப் பெய்தால் 4,10,000 லிட்டர். தேயிலைச் செடியும் மண்ணும் வாங்கிய நீர் இனி வடிகாலில்தான் போக வேண்டும். அந்த வடிகால் எந்த அளவு, எந்த ஓடையில் சேர்கிறது என்பது வரைபடத்தில் இல்லையென்றால் அதுவே வலுவான ஆட்சேபணை.

மழைக்கு மறுநாள் இல்லத்தின் இப்போதைய தடுப்புச் சுவரைப் போய்ப் பாருங்கள். கசிவுத் துளைகளில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. சேற்று நீர் வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது. துளைகள் காய்ந்து, சுவர் மட்டும் ஈரமாக வயிறு தள்ளி நின்றால் துளை அடைத்துவிட்டது. நீரின் அழுத்தம் முழுக்கச் சுவர்மீது இருக்கிறது. மேட்டில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தால் அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். பத்துப் பக்க மனுவைவிட அந்த ஒரு படம் பேசும்.

கேள்வி: அனுமதி வருமுன்னே இரவில் பொக்லைன் வைத்து மண் வெட்டுகிறார்கள். யாரிடம் போவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நீலகிரியில் பொக்லைன் இயக்கவே முன் அனுமதி வேண்டும். தேதி, நேரம், சர்வே எண்ணுடன் படம் எடுத்துக் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் அன்றே கொடுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரம் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே உண்டு. மரம் விழுந்திருந்தால் வனத்துறைக்குத் தனி மனு. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் 6 மாதக் கெடுவை மறக்காதீர்கள். வெட்டிய மேட்டை மழைக்கு முன் சரிசெய்யச் சொல்வது வழக்கைவிட அவசரம்.

கேள்வி: மலையில் எதற்கு முதியோர் இல்லம்? சமவெளியில் கட்டலாமே?
– வாசகர், கூடலூர்

பதில்: தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர், பணி ஓய்வு பெற்றதும் தோட்ட நிர்வாகம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஊர் இதுதான். அவரை எங்கே அனுப்புவீர்கள்? 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. அந்த மாவட்டங்களில் மலை மாவட்டமும் சேர்த்திதான்.

கேள்வி: இல்ல நிர்வாகத்தில் இருக்கிறேன். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பைத் தணிக்க என்ன செய்யலாம்?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வரைபடத்தை அலுவலகத்தில் வைக்காதீர்கள், நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். எவ்வளவு மண் வெட்டப்படும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் பாதி அமைதியாவார். ஒரே மட்டமாக வெட்டுவதை விட்டு, சரிவின் போக்கிலேயே சிறு கட்டடங்களாகப் பிரியுங்கள். சக்கர நாற்காலிச் சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் அமைய வேண்டும். 3 மீட்டர் ஏற 36 மீட்டர் நீளம், இடையிடையே ஓய்வுத் தளங்கள் வேறு. இதைக் கடைசியில் யோசிப்பவர்கள்தான் கூடுதலாக மேட்டை வெட்டுகிறார்கள். சமையல் கழிவைப் பூட்டிய அறையில் வையுங்கள். திறந்த தொட்டி காட்டு விலங்குகளைத் தெருவுக்கே கூட்டிவரும். கழிவுநீர், வடிகால், ஆம்புலன்ஸ் திரும்பும் இடம் மூன்றையும் அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கும்படி நீங்களே எழுதிக் கொடுத்து, அதன் நகலை வீடுவீடாகக் கொடுங்கள்.