அந்த மச்சத்தை எண்ணினாயா?

கேள்வி: எனக்கு 9 மாதப் பெண் குழந்தை. பிறந்ததிலிருந்தே வலது கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக வெளியே வளைந்திருக்கிறது. எலும்பு, சுளுக்குக்கு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டுத் தடவுகிறோம். அடுத்த வாரம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நிமிர்த்தலாம் என்கிறார். 'உன் வீட்டு வழிதான் இந்தக் கால்' என்று மாமியார் பேச்சு வேறு. உடம்பில் அங்கங்கே காப்பி நிற மச்சமும் உண்டு, என் கணவருக்கும் முதுகில் இருக்கிறது. பிள்ளை நடப்பாளா?
பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: மகளே, நடையைப் பிறகு பேசலாம். அந்த மச்சத்தை எண்ணினாயா?

பிள்ளையை வெளிச்சத்தில் படுக்கவைத்து, துணியைக் கழற்றி, அக்குள் தொடையிடுக்கு வரை பார். பச்சைப்பயறைவிடப் பெரிதாக ஆறு இருந்து, கால் வளைவும் சேர்ந்தால், டாக்டர் நியூரோஃபைப்ரோமாடோசிஸ் முதல் வகை என்றே சொல்வார்; தோல், நரம்பு, எலும்பைத் தொடும் நோய் அது. ஆறு தேறாவிட்டாலும் அந்தக் காலுக்கு ஆபத்து குறையாது. சில பிள்ளைகளுக்கு மச்சம் பிறகுதான் தெளிவாகத் தெரியும். இந்த நோய் மரபணுவில் வருவது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் யார் மேலும் பழி இல்லை. ஆனால் தன் முதுகில் அதே மச்சத்தை வைத்துக்கொண்டு, மனைவி தலையில் பழி விழும்போது வாய் திறக்காமல் இருக்கிறாரே உன் கணவர், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டியவர் அவர்.

தடவுவதை இன்றே நிறுத்து. சுளுக்குக்கு நம் ஆசான்மார் கையை மதிக்கிறவள் நான். இந்த எலும்பு வேறு. அழுத்தினால் ஒடியலாம், ஒடிந்தால் லேசில் ஒன்றுசேராது; ஒடிந்த இடமே மூட்டாக ஆடும். அதனால்தான் எலும்பு டாக்டர்களே வளைவை நிமிர்த்துவதற்காக இதை வெட்டமாட்டார்கள். பிள்ளை எழுந்து நிற்கும் முன்பே, காலை முன்னும் பின்னும் மூடும் பிளாஸ்டிக் பிரேஸ் போட்டு வருஷக்கணக்கில் காப்பார்கள். ஒடிந்துவிட்டால் உள்ளே கம்பி, எலும்பு ஒட்டு, வெளியிலிருந்து எலும்பைப் பிடிக்கும் இலிசரோவ் வளையம். ஒன்றுசேர்ந்த பிறகும் மறுபடி ஒடிவதுண்டு.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு பேருமாகக் கொண்டுபோங்கள். எலும்பின் நடுக்குழல் சுருங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பின்பக்கமாக உள்ளே வளைந்த கால் என்றால் பெரும்பாலும் தானே நிமிரும், நீளம்தான் குறையும். நீ எழுதியிருப்பது அதுவல்ல. இந்த நோயின் அடையாளம் கண்ணிலும் தெரியலாம்; கண் பரிசோதனையும் கேள், உன் கணவருக்கும் சேர்த்து.

பத்தை கட்ட வேண்டாம் என்று ஆசானிடமும் மாமியாரிடமும் நீ போய்ச் சொல்லாதே. உன் கணவர் சொல்லட்டும்.