1957–58 அமெரிக்க காங்கிரஸ்: தலைமையும் முதன்மைச் சட்டங்களும்

85ஆவது அமெரிக்க காங்கிரஸை, அதாவது 1957–58இன் அமெரிக்க நாடாளுமன்றத்தை, வழிநடத்தியவர்கள் யார், அது இயற்றிய சட்டங்களுள் எது முதன்மையானது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க அரசியல் வரலாற்றை நெடுங்காலமாக வாசித்துவருபவன் என்ற முறையில், கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த 1957ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தையே நான் முன்வைப்பேன்.

அப்போதைய அதிபர் ஐசனோவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் வசம் இருந்தன. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் சாம் ரேபர்னும், செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் லிண்டன் ஜான்சனும் டெக்சாஸ்காரர்கள். செனட்டில் சிறுபான்மைத் தலைவராக வில்லியம் நோலண்ட் இருந்தார். நாசாவை நிறுவிய சட்டமும், கல்விக்கு நிதி அளித்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும் 1958இல் இதே காங்கிரஸில்தான் நிறைவேறின. சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோள் ஏற்படுத்திய அச்சம் அவற்றுக்கு வழியைச் செப்பனிட்டுவிட்டது. குடிமை உரிமைச் சட்டத்துக்கோ அப்படி எந்தத் துணையும் இல்லை.

செனட்டில் ஜான்சனின் பெரும்பான்மை 49க்கு 47தான். அந்த 49 பேரிலும், ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரசல் தலைமையில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குத் தடையாக நின்ற தென் மாநிலத்தவர்கள் கணிசமாக இருந்தனர். குடிமை உரிமை மசோதாவை முடக்கிவைக்கக் காத்திருந்த மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட் தலைமை வகித்த நீதித்துறைக் குழுவுக்கு அனுப்பாமல், 45க்கு 39 என்ற வாக்கில் அது நேரடியாக அவையின் விவாதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அடுத்த நாளே, ஸ்நேக் ஆற்றில் ஹெல்ஸ் கேன்யன் அணை கட்டும் மசோதா, முந்தைய ஆண்டு அதை எதிர்த்த தென் மாநிலச் செனட்டர்கள் சிலரின் ஆதரவோடு செனட்டில் நிறைவேறியது. அணையை விரும்பிய மேற்கு மாநிலத்தவர்கள் பலர், தென் மாநிலங்கள் கோரிய ஜூரி திருத்தத்தைப் பின்னர் ஆதரித்ததை இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாக்குரிமையைத் தடுப்பதை நிறுத்துமாறு நீதிமன்றம் இட்ட ஆணையை மீறுபவர்களுக்கு ஜூரி (குடிமக்கள் அடங்கிய தீர்ப்புக் குழு) விசாரணை வேண்டும் என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், தெற்கில் ஜூரியில் வெள்ளையர்களே அமர்ந்த காலத்தில் அது தண்டனைக்குக் கதவை அடைப்பதாகும். 51க்கு 42 என்று அது வென்றது. பள்ளிகள் உள்ளிட்ட இடங்களில் இனப்பிரிவினையை எதிர்த்து அரசின் தலைமை வழக்கறிஞரே வழக்குத் தொடர வழிசெய்த, மசோதாவின் மூன்றாம் பகுதியும் அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. எனினும், 1875க்குப் பின் ஒரு குடிமை உரிமைச் சட்டமும் நிறைவேறாத நாட்டில், ஜான்சனுக்கு வேறு வழி இருந்ததாக நான் கருதவில்லை. தென் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசியும் மசோதாவைத் தடுக்க முடியவில்லை. செப்டம்பர் 9 அன்று ஐசனோவர் அதில் கையெழுத்திட்டார்.

சட்டத்தில் எஞ்சியவற்றுள் குடிமை உரிமை ஆணையம் முக்கியமானது. அது 1958 டிசம்பரில் அலபாமாவின் மான்ட்காமரி நகரில், வாக்காளர் பதிவு மறுக்கப்பட்ட கறுப்பின மக்களின் சாட்சியங்களைப் பதிவுசெய்தது. வாக்காளர்களைப் பதிவுசெய்ய மத்திய அரசே அலுவலர்களை அனுப்ப வேண்டும் என்று 1959இல் பரிந்துரைத்தது. அதே வழிமுறை 1965இன் வாக்குரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. அதில் அதிபராகக் கையெழுத்திட்டவர் ஜான்சன்.