லண்டனில் இருந்து 2 வயதுப் பிள்ளையோடு டிசம்பரில் கொழும்புக்கு வருகிறோம். அங்கே கார் சீட் சட்டப்படி கட்டாயமா? கொண்டுவர வேண்டுமா?

சட்டம் கேட்காது. ஆனாலும் கொண்டு வாருங்கள்.

மூன்று கிழமை நிற்பீர்கள், வெள்ளவத்தையில் தங்குவீர்கள், நடுவில் வான் பிடித்து யாழ்ப்பாணம் போய்வருவீர்கள் என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நானும் வெள்ளவத்தைதான். மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்காக இந்தக் கார் சீட் விஷயத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகவே அலைந்திருக்கிறேன், அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் சட்டம். ஓட்டுபவரும் முன்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது 2011இல் இருந்து இங்கே கட்டாயம். பின்சீட்டை நீண்ட காலம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2025இல்தான் அதிவேக வீதிகளில் பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பிள்ளைகளுக்கென்று தனி சீட் வேண்டும் என்கிற சட்டத்துக்கு நேரே, உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வீதிப் பாதுகாப்பு அறிக்கையில் இலங்கைக்கு 'இல்லை' என்றுதான் இருக்கிறது. உங்கள் ஊரில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை சீட் வேண்டும், மீறினால் 500 பவுண் வரை தண்டம். இங்கே அப்படி யாரும் மறிக்க மாட்டார்கள். காலி வீதியில் ஒரு பொலிஸ்காரர் எங்கள் காரை நிறுத்தி, சீட்டில் கட்டுண்டு கிடந்த மகளைப் பார்த்து, "பிள்ளைக்கு ஏதாவது வருத்தமா?" என்று கேட்டார். கரிசனையாகத்தான் கேட்டார்.

இனி, நான் ஏன் கொண்டு வாருங்கள் என்கிறேன் என்பது. மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது குடும்பமாக ஒரு வானில் யாழ்ப்பாணம் போனோம். மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் மாடுகள் குறுக்கே வந்தன. அந்தப் பாதையில் மாடு வராவிட்டால்தான் புதினம். சாரதி நல்ல அனுபவசாலி, மாட்டிலும் முட்டவில்லை, எதிலும் முட்டவில்லை. பிறேக் மட்டும்தான் அடித்தார். மச்சாளின் மடியில் நித்திரையாக இருந்த அவளுடைய மகன் கையை விட்டு வழுகிப் போய் முன்சீட்டின் பின்பக்கத்தில் முகம் அடிபட்டான். மேல் உதடு வெடித்து, மச்சாளின் சுடிதார் முழுக்க இரத்தம். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெறும் பிறேக்குக்கே அப்படி.

மோதினால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் பத்தில் ஒரு செக்கனில் நின்றால், 12 கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 170 கிலோ பாரத்தோடு முன்னால் இழுபடும். மூன்று அரிசி மூட்டையை விடக் கூட. எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. தாய் தன் பெல்ட்டுக்குள் பிள்ளையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம், தாயின் பாரமும் பிள்ளையின் மேல்தான் விழும். இதை இங்கே முன்சீட்டில் தினமும் காணலாம், அதுவும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள்.

சரி, வந்து இறங்கிய பிறகு சீட்டை எதில் பூட்டுவது?

சொந்தக்காரரின் கார் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கொழும்பில் ஓடுபவற்றில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி முடித்து வந்த கார்கள். ஜப்பானில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு சீட் கட்டாயம் என்று 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் அந்தக் கார்களின் பின்சீட்டில், சாயும் பகுதியும் இருக்கும் பகுதியும் சேரும் இடுக்கில், பிள்ளையின் சீட்டை நேரே காரோடு பூட்டும் ஐசோபிக்ஸ் கம்பிகள் அநேகமாக இருக்கும். கடல் தாண்டியதும் சட்டம் கழன்றுவிட்டது, கம்பி மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கம்பியைத் தேட வேண்டும். எங்களுடையது ஒரு வேகன் ஆர். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்றைக்கும் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும், மகள் அதற்கு "குட் மோர்னிங்" சொல்லுவாள். வாங்கிய நாளே எல்லோரையும் போல நாங்களும் ரெக்சின் சீட் கவர் அடித்துவிட்டோம். அண்ணா லண்டனில் இருந்து அனுப்பிய சீட் வந்தபோது ஐசோபிக்ஸைக் காணவில்லை. இந்தக் காரில் அது இல்லை என்று கராஜில் அடித்துச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து இடுக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துளாவினேன். ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, தலைக் கிளிப் ஒன்று, எந்தக் காலத்தையதோ ஒரு துண்டு மாரி பிஸ்கட், அதற்குக் கீழே ரெக்சினுக்கு அடியில் குளிர்ந்த ஒரு இரும்புக் கம்பி. பிளேட்டால் இரண்டு இடத்தில் கீறினோம். சீட்டின் கைகள் 'டக், டக்' என்று போய் உட்கார்ந்தன, பச்சை அடையாளம் வந்தது. என் கணவருக்கு ரெக்சினைக் கீறியதில் இன்றைக்கும் மனவருத்தம்.

ஆகவே கார் தரப்போகிறவரிடம் இப்போதே சொல்லி, கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் கொக்கியும் சில நேரம் கவருக்குக் கீழே புதைந்திருக்கும். முன்சீட்டில் பூட்டவே வேண்டாம், அதிலும் பின்பக்கம் பார்த்த சீட் என்றால் கனவிலும் வேண்டாம். எயார்பேக் வெடித்தால் அது நேரே சீட்டின் முதுகில்தான் அடிக்கும். வெயில் மறைப்புத் தட்டில் அதற்கான எச்சரிக்கை ஒட்டியிருக்கும், ஜப்பான் எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கும்.

உங்கள் பிள்ளை இன்னும் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அப்படியே விடுங்கள். அந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. மோதும்போது தலையும் முதுகும் ஒன்றாகச் சீட்டிலே பதிவது நல்லது.

வான்தான் தலையிடி. யாழ்ப்பாணத்துக்குப் பேசும் வான்களில் பின்வரிசைகளில் பெல்ட் இருக்கும், ஆனால் வெட்டிவிட்டிருப்பார்கள், அல்லது கவருக்குள் தைத்திருப்பார்கள், அல்லது இடுப்புக்கு மட்டும் கட்டும் பெல்ட்டாக இருக்கும். லண்டன் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோளோடு சேர்த்துக் கட்டும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும். "பெல்ட் இருக்கா?" என்று போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். நடுவரிசை ஜன்னல் பக்கத்துப் பெல்ட்டை இழுத்துப் பூட்டி, அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாம் முறை போகும்போது அப்படிக் கேட்டோம். முதல் இரண்டு பேர் படமே அனுப்பவில்லை. மூன்றாமவர் அனுப்பினார், பெல்ட்டைத் துடைத்து வேறு வைத்திருந்தார். கொஞ்சம் காசு கூடக் கேட்டாலும் அவரையே பிடித்தோம். அப்படி ஒருவரும் அகப்படாவிட்டால் ரயிலில் போங்கள், இரவு ஏ9இல் சாரதி கண்ணைக் கசக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆப்பில் கூப்பிடும் கார்களில் பேபி சீட் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டத்திலேயே டாக்ஸிக்கு விலக்கு இருக்கிறது, சாரதியிடம் சீட் இல்லாவிட்டால் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை பின்னால் சும்மா இருக்கலாம். கட்டுநாயக்காவில் இருந்து வரும்போது அதிவேக வீதியில் 100இல் வருவீர்கள், ஆகவே அந்த முதல் ஓட்டத்துக்கே சீட் கையில் இருக்க வேண்டும். பல விமான நிறுவனங்கள் பிள்ளையின் கார் சீட்டைக் கொண்டுவரத் தனிக் காசு எடுப்பதில்லை, ரிக்கெற் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

ஓட்டோவைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் கட்ட ஒன்றும் இல்லை. நானே மகளை மடியில் வைத்து பம்பலப்பிட்டிக்கு ஓட்டோவில் போயிருக்கிறேன், இனியும் போவேன். மரைன் டிரைவ் வேண்டாம், உள்வீதியால் போங்கள் என்று சாரதியிடம் சொல்லுவேன், அவ்வளவுதான்.

வீட்டில் பெரியவர்கள் சும்மா விட மாட்டார்கள், அதற்கும் தயாராக வாருங்கள். "நாங்கள் உங்களை மடியில் வைத்து வளர்க்கவில்லையா, பிள்ளையை ஏன் கைதி மாதிரிக் கட்டுகிறாய்?" என்று மாமி கேட்டார். நான் வாதாடவில்லை. மாங்குளத்தில் எடுத்த உதட்டுப் படத்தைக் காட்டினேன். இப்போது முதல் வாரைப் பூட்டுபவர் மாமிதான், நான் பூட்டினால் இழுத்துப் பார்த்துத் தளர்வு என்று திரும்பப் பூட்டுவார்.

இன்னொன்று, லண்டனில் உங்களுக்குத் தோன்றாத விஷயம். கார் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றாலே கொக்கியின் இரும்பு சுடும், மகளின் தொடையில் ஒரு முறை சிவப்பாகப் பதிந்துவிட்டது. வெள்ளைத் துவாய் ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், இறங்கும்போது சீட்டின் மேல் மூடிவிட்டுப் போகலாம்.