கறுத்த மணல்

அன்புள்ள ஐயா,

கரிசல் வெடிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் நகருக்கு வெளியே வசிக்கிறேன். சென்ற ஆண்டு வீடு வாங்கினோம். பின்புறம் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. கோடையில் எங்களுடன் தங்க வந்த மாமனார் விளாத்திகுளத்துக்காரர். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினார், அள்ளிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது நம் ஊர்க் கரிசலேதான்" என்றார். அந்த உற்சாகத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் நட்டோம்.

ஜூலையில் ஐந்தாறு நாள் மழை இல்லை. தக்காளிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. ஊற்றும் தண்ணீர் கண்ணெதிரே உள்ளே போய்விடுகிறது. கரிசல் என்றால் வெடிக்க வேண்டுமே, ஒரு கீறல்கூட இல்லை. அரசின் மண் வரைபடத்தில் எங்கள் இடத்தைத் தேடினேன். "175பி, டிக்கின்சன் நுண்மணல் இருமண், 2 முதல் 5 சதவீதச் சரிவு, நன்கு வடியும்" என்று இருந்தது. கறுப்பு மண் எப்படி மணலாக இருக்க முடியும்? "நன்கு வடியும்" என்பது பாராட்டா, எச்சரிக்கையா? மாமனார் ஊருக்குத் திரும்பிவிட்டார். தொலைபேசியில் இன்னமும் கரிசல் என்றே சாதிக்கிறார்.

ச.கு.

அன்புள்ள ச.கு.,

மாமனாரை விட்டுக்கொடுக்க வேண்டாம். அவர் செய்த பிழையை நானும் செய்திருக்கிறேன். வேளாண் கல்லூரியில் சேர்ந்த புதிதில் தட்டில் இருந்த கறுத்த மண்ணைப் பார்த்த மாத்திரத்தில் "களிமண்" என்று எழுதிக்கொடுத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து அதை என் உள்ளங்கையில் வைத்தார். விரல்களுக்கிடையே நறநறவென்றது. கரிசலில் பிறந்தவனுக்குக் கறுப்பு என்றாலே களிதான், கண்ணுக்கு வேறு பாடம் தெரியாது.

நீங்களும் அதைச் செய்து பாருங்கள். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவைப் போலத் தள்ளுங்கள். விளாத்திகுளத்து மண் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளும், பளபளக்கும், கையை விட்டுப் போகாது. உங்கள் மண் உருண்டையாகப் பிடிக்க வரும், நாடாவாக நீட்டினால் ஓர் அங்குலத்துக்குள் முறிந்துவிடும். நுண்மணல் இருமண் என்றால் அதுதான். பாதிக்கு மேல் மணல், மிச்சத்தில் பெரும்பகுதி வண்டல் துகள், நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் களி. நம் ஊர்க்காரர்கள் இருவாட்டி என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். கரிசலில் களி மட்டுமே பாதியளவு இருக்கும். அந்தக் களியும் ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கும் வகை. வெடிப்பு அதனால்தான். உங்கள் தோட்டத்தில் உப்புவதற்கு ஆளில்லை.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது?

நம் கரிசலில் மக்கு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே கரிமச் சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இருக்கும் கொஞ்சமும் களியோடு இறுகப் பிணைந்து நிறத்தைக் கொடுக்கிறது. அயோவாவின் கறுப்பு வேறு வழியில் வந்தது. அதைக் கொடுத்தது புல். பிரெய்ரி என்னும் நெடும்புல்வெளி அந்த மாநிலத்தின் பெரும்பகுதியை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூடியிருந்தது. மரம் தன் உடலை மேலே கட்டுகிறது. இலை உதிர்ந்து மண்ணின் மேல் மக்குகிறது. பிரெய்ரிப் புல்லுக்கோ உடலில் பாதிக்கு மேல் நிலத்துக்கு அடியில். பிக் புளூஸ்டெம் என்ற புல்லின் வேர் ஆள் உயரத்தைத் தாண்டி இறங்கும். ஆண்டுதோறும் அந்த வேர்களில் ஒரு பங்கு இருந்த இடத்திலேயே செத்து மக்குகிறது. எறும்பும் வளை தோண்டும் கோஃபர்களும் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. நெருப்பும் சேர்ந்துகொண்டது. அயோவே, மெஸ்குவாக்கி என்னும் பூர்வகுடி மக்கள் புல்வெளிக்குத் தீயிடும் வழக்கம் உள்ளவர்கள். மரக்கன்று தலையெடுக்க விடாமல் புல்லைக் காத்ததில் அந்தத் தீக்குப் பங்கு உண்டு.

இதற்கு ஒரு சாட்சி உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது. 175 என்ற எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் 110 என்று ஏதாவது துண்டு தென்படுகிறதா பாருங்கள். அது லாமான்ட் என்ற மண். அதே காற்று கொண்டுவந்த அதே மணல், அதே மழை, அதே குளிர். ஆனால் அதன்மேல் வளர்ந்தது ஓக் காடு. லாமான்ட்டில் மேலே மெல்லிய கறுப்பு, அதற்குக் கீழே வெளுத்த மண். டிக்கின்சனில் கறுப்பு ஓர் அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குப் போகும். இத்தனைக்கும் அதில் உள்ள மக்கு ஒன்று, இரண்டு சதவீதம்தான். அக்கம்பக்கத்துச் சமவெளி மண்ணில் இதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் மணலுக்குப் பரப்பு குறைவு. ஒரு கைப்பிடி மணலுக்குச் சாயம் பூசக் கொஞ்சம் மை போதும், ஒரு கைப்பிடி களிக்கு அது காணாது. மாமனார் ஏமாந்தது அங்கேதான்.

இனி மணல் எப்படி அங்கே வந்தது என்ற கதை. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் இருக்கும் வடகிழக்கு அயோவாவின் பெரும்பகுதிக்கு நிலவியலாளர்கள் "அயோவன் பரப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய பனிப்பாறைகள் அரைத்துப் போட்ட களியும் கல்லும். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை இந்த இடத்தை மூடவில்லை, ஆனால் பக்கத்தில் வந்து நின்றது. சுமார் 21,000 முதல் 16,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை கடுங்குளிர். நிலத்தின் அடி உறைந்திருக்க, மேல்மண் வழுக்கி வழிய, காற்று அறுத்து எடுக்க, பழைய மேடுகளெல்லாம் மழுங்கின. சீடர், வாப்சிபினிகான் போன்ற ஆறுகளின் படுகைகளில் மணல் திறந்து கிடந்தது. வடமேற்கிலிருந்து வீசிய காற்று அதை அள்ளி ஆற்றுக்குத் தென்கிழக்கே கொட்டியது. அதனால்தான் அங்கே மணல் மேடுகள் ஆறுகளின் தென்கிழக்குப் பக்கத்தில் அதிகம். உங்கள் வீட்டிலிருந்து ஆறு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். வடமேற்கிலோ மேற்கிலோ இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

காற்று ஒரு நல்ல சல்லடை. கனத்த மணலை அருகிலேயே போடும், நுண்மணலைக் கொஞ்சம் தள்ளி விடும், வண்டலை வெகுதூரம் கொண்டுபோகும். மேட்டின் தடித்த மணலில் உருவானது ஸ்பார்ட்டா என்ற மண். அது இன்னும் மோசமாக ஒழுகும். நுண்மணலும் சிறிது களியும் கலந்த இடங்களில் டிக்கின்சன். மணல் படியாத சரிவுகளில் பழைய பனிப்பாறை மண்ணின் மேல் கென்யன். பள்ளத்தில் கிளைடு, நீர் தேங்கும் சதுப்பு மண். ஒரு மைல் நடந்தால் நான்கையும் மிதித்துவிடலாம். நான்கும் கறுப்புதான்! கண் எப்படித் தப்பிக்கும்?

இப்போது உங்கள் "நன்கு வடியும்" கேள்வி. நம் வேளாண் துண்டறிக்கைகளில் "நல்ல வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான நிலம் ஏற்றது" என்ற வரியைப் பயிருக்குப் பயிர் எழுதி எழுதி, அதைப் பாராட்டாக்கிவிட்டோம். அமெரிக்க மண் கணக்கெடுப்பில் அது பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. நீர் வடியும் தன்மையை ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மிகையாக வடிவதில் தொடங்கி, மிக மோசமாக வடிவதில் முடியும். உங்களுடையது மேலிருந்து மூன்றாவது: நீர் எளிதில் விலகும், ஆனால் அவசரமாக விலகாது. இதைத் தீர்மானிப்பது தண்ணீர் ஊற்றிப் பார்த்து அல்ல, குழி வெட்டி நிறம் பார்த்து. நீர் தேங்கும் மண்ணில் காற்றில்லாமல் இரும்பு கரைந்து, சாம்பல் திட்டும் துருக்கறையுமாகத் தெரியும். மூன்றடி ஆழத்துக்குக் கறுப்புக்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே மஞ்சள் கலந்த பழுப்பு என்று சீராக இறங்கினால் அங்கே நீர் நீண்ட நாள் நின்றதில்லை என்று பொருள்.

தக்காளிக் கணக்கைப் பார்ப்போம். இந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடி உறிஞ்சக்கூடிய நீராகச் சுமார் 130 மில்லிமீட்டர் பிடித்துவைக்கும். நடுத்தர வண்டல் மண் 200-ஐத் தொடும். தக்காளி வேர் பெரும்பாலும் மேல் 60 சென்டிமீட்டரில். அப்படியானால் கையிருப்பு 78. அதில் பாதி தீர்ந்ததுமே செடி தளரத் தொடங்கும். ஜூலை வெயிலில் நாளொன்றுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் செலவு. ஆறாவது நாள் தலை தொங்கத்தானே செய்யும்? நீங்கள் ஊற்றியது குறைவு அல்ல, மொத்தமாக ஊற்றியதுதான் தவறு. ஒரே நேரத்தில் கொட்டினால் மிச்சம் வேரைத் தாண்டி இறங்கிவிடும், போகிற போக்கில் உரத்தையும் கூட்டிக்கொண்டு. உங்கள் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் பிரச்சினை எழுவதற்கு இந்த மணல் நிலங்களும் ஒரு வாசல். ஆகவே தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் விடுங்கள். வைக்கோலோ காய்ந்த இலையோ நான்கு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். மொட்டையாக விடாதீர்கள், இது காற்று கொண்டுவந்த மண், காற்றோடு போகவும் தயங்காது. களி கொண்டுவந்து கொட்டித் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நன்மையும் உண்டு. வசந்தத்தில் உங்கள் மண் பள்ளத்து மண்ணுக்கு முன்பே சூடாகும், முன்பே மண்வெட்டி இறங்கும். மிசிசிப்பிக் கரையில் மஸ்கடீன் பக்கத்து மணலில் விளையும் தர்பூசணியும் முலாம்பழமும் அந்த மாநிலத்தில் பேர்போனவை. அடுத்த ஆண்டு ஒரு பாத்தியில் தர்பூசணி போட்டுப் பாருங்கள், வெண்டையைவிட அது உங்களுக்கு நன்றி சொல்லும்.

ஒரு சந்தேகத்தையும் போட்டுவைக்கிறேன். வரைபடம் உங்கள் கொல்லையை அறியாது. புதிதாக வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்து எடுத்து, பிறகு எங்கிருந்தோ அள்ளிப் பரப்புவது அங்கே வழக்கம். வேலியோரமாக, யாரும் தொட்டிருக்காத இடத்தில் மூன்றடி தோண்டிப் பாருங்கள். கறுப்பு படிப்படியாகப் பழுப்பாக மாறினால் அது பிரெய்ரி விட்டுச்சென்றது. கத்தியால் கீறியதுபோலச் சட்டென்று நிறம் மாறினால் லாரியில் வந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீடர் மாவட்டத்து ரோச்செஸ்டர் கல்லறைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். ஆற்றோரத்து மணல் மேடுகளில் சுமார் 13 ஏக்கர். ஏர் படாததால் முதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே பழைய பிரெய்ரிச் செடிகள் கல்லறைகளைச் சுற்றி இன்னும் பூக்கின்றன. மாநிலத்தில் முன்பிருந்த நெடும்புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். மாமனார் அடுத்த முறை வரும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அங்கே மண்ணைத் தோண்டக் கூடாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.