அந்தக் குரலை யார் கேட்பார்கள்? குரல் கருவிகள் பற்றி ஆசிரியர்களின் கேள்விகள்

காசு கொடுக்காமல் இணையத்தில் கிடைக்கும் குரல் கருவிகள், குழுச் செயலிகள் பற்றி ஆசிரியர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வகுப்பில் குரல் பதிவைப் பயன்படுத்திப் பார்க்க ஆசை. ஆனால் கணினியில் பெரிய பழக்கம் இல்லை. எதில் தொடங்கலாம்?

வோக்கரூவில் தொடங்குங்கள். தளத்தைத் திறந்ததும் பதிவுப் பொத்தான் கண்ணில் படும். அழுத்தி, மைக்குக்கு அனுமதி கொடுத்து, பேசி, சேமித்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். கணக்கு தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். மாணவர் அந்த இணைப்பை உங்களுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. பதிவுகளை அங்கே நிரந்தரமாக வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் வேண்டியதை உடனே தரவிறக்கிக்கொள்ளுங்கள். இணைப்பு யார் கையில் போனாலும் அவர் அதைக் கேட்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாருடைய பதிவும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் பேட்லெட் நல்லது. ஒரு பலகையைத் திறந்து இணைப்பைக் கொடுத்தால், மாணவர்கள் கணக்கு இல்லாமலே குரலைப் பதிந்து அதில் ஒட்டலாம். இலவசக் கணக்கில் ஒரு சில பலகைகள்தான் கிடைக்கும். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம் இருந்தால் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. அதன் எழுதும் பெட்டியிலேயே மைக் படம் இருக்கிறது. நிர்வாகி மாற்றியிருக்காவிட்டால் 2 நிமிடம் வரை பதியலாம். பள்ளியே நடத்தும் மூடுல் என்றால் பிள்ளைகளின் குரல் பள்ளியின் பொறுப்பிலேயே இருக்கும். வாய்ப்பிருந்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

வாய்மொழிப் பயிற்சி கொடுத்தால் பாதிப் பேர் பதிவே அனுப்புவதில்லை. நேரில் நன்றாகப் பேசும் பிள்ளைகள்கூட. வேறு செயலிக்கு மாறிப் பார்க்கலாமா?

மாறுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: பதிவை எங்கே போடச் சொல்கிறீர்கள்? வகுப்புக் குழுவில் என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ழகரம் வரும் சிறு பத்தி ஒன்றைப் படித்துக் குழுவில் போடச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் பதிவு வந்தது, 38 நொடி. நான் கேட்கத் தொடங்கும் முன்பே அதை அழித்துவிட்டாள். தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் 'வாழை' என்ற இடத்தில் நாக்கு நழுவ, அழித்து அழித்து 14 முறை பதிந்திருக்கிறாள். 14வது பதிவைத் துணிந்து குழுவில் போட்டுவிட்டு, எல்லாரும் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வந்ததும் பயந்துவிட்டாள். அத்தனை முறை பயிற்சி செய்த பிள்ளை என் கணக்கில் 'அனுப்பவில்லை' என்று பதிவாகியிருப்பாள். நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாற்றங்கள் செய்தேன். பதிவு எனக்கு மட்டும் வரும். ஒன்றுக்குப் பதில் இரண்டு பதிவு: முதல் முயற்சி ஒன்று, கடைசி முயற்சி ஒன்று. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். தடுமாறிய முதல் பதிவு மறைக்க வேண்டிய பொருளாக இல்லாமல், காட்ட வேண்டிய பொருளாகிவிட்டது.

இன்னொன்றையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பதிவில் கேட்கும் தன் குரல் எல்லாருக்குமே அந்நியமாகத்தான் இருக்கும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் செவிக்குள் போகிறது. அதனால் கொஞ்சம் கனமாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். பதிவில் காற்று வழி வருவது மட்டும்தான். "என் குரல் கீச்சென்று இருக்கிறது" என்று கூசும் பிள்ளைக்கு இந்த விளக்கம் பெரிய ஆறுதல்.

40 பேர் அனுப்பும் பதிவுகளைக் கேட்கவே நேரம் போதவில்லை. என்ன செய்வது?

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 40 பேருக்குச் சரியாக 1 மணி நேரம். கேட்பதற்கு மட்டும். 30 நொடி என்று வரம்பு வைத்தால் 20 நிமிடத்தில் முடியும். உச்சரிப்பைப் பார்ப்பதற்கு 30 நொடி தாராளம்.

வாட்ஸ்அப்பில் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021இல் வந்தது. கருத்துச் சொல்லும் பயிற்சிகளுக்கு அது உதவும். உச்சரிப்புப் பயிற்சிக்கு வேண்டாம். லகர ளகர வேறுபாடு வேகத்தில் கரைந்துபோகும்.

நான் செய்வது இதுதான்: வகுப்பை ஐந்தாகப் பிரித்து, நாளுக்கு 8 பேரின் பதிவை மட்டும் முழுக்கக் கேட்டுக் குரலிலேயே பதில் அனுப்புவேன். "12வது நொடியில் பள்ளிக்குப் போகிறேன் என்பது பல்லிக்குப் போகிறேன் என்று விழுகிறது, திரும்பக் கேட்டுப் பார்" என்று பேசிவிட 10 நொடி ஆகும். அதையே தட்டச்சு செய்தால் நேரமும் கூடும், கண்டிப்பது போலவும் தொனிக்கும். மற்ற நாட்களில் இருவர் இருவராக ஒருவர் பதிவை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ஜோடியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். யார் கேட்கப் போகிறார்கள் என்பது தெரிந்தால்தான் வாய் திறக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் எண்கள் எல்லாருக்கும் தெரிகின்றன என்று ஒரு தாய் வருத்தப்பட்டார். நிர்வாகி மட்டும் பேசும்படி மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. அந்த அமைப்பு செய்தி போடுவதைத்தான் தடுக்கும், எண்ணை மறைக்காது. அந்தத் தாயின் வருத்தம் நியாயமானது, உடனே கவனியுங்கள். வாட்ஸ்அப்பிலேயே 'கம்யூனிட்டி' தொடங்கி, அதன் அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. டெலிகிராம் சேனலில் சந்தாதாரர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது.

வயதையும் பாருங்கள். வாட்ஸ்அப், குழு அரட்டைச் செயலியான டிஸ்கார்டு இரண்டிலும் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த 13 என்ற எண் பல செயலிகளில் வருவதற்கு அமெரிக்காவில் 1998இல் வந்த குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். அதன் விதிகளை 2013இல் திருத்தியபோது, குழந்தையின் குரல் இருக்கும் ஒலிக்கோப்பையும் தனிப்பட்ட தகவல் என்று சேர்த்தார்கள். நீங்கள் எந்த நாட்டில் பாடம் நடத்தினாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெயரும் படமும் இல்லாவிட்டாலும் குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று மூன்று வரி எழுதிப் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குங்கள். சொன்ன தேதியில் அழித்தும்விடுங்கள்.

ஒரு தளத்தில் இரண்டு ஆண்டுகள் சேர்த்த மாணவர் பதிவுகள், தளம் மூடப்பட்டதும் போய்விட்டன. இனி எதை நம்புவது?

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்களைப் போல நிறையப் பேர் இழந்திருக்கிறார்கள். எட்மோடோ 2008இல் தொடங்கி உலகம் முழுக்க வகுப்பறைகளில் இருந்தது. 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஃபிளிப்கிரிட்டை 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி எல்லாருக்கும் இலவசமாக்கியது, பிறகு ஃபிளிப் என்று பெயர் மாறியது, 2024இல் தனிச் செயலியாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. பெரிய நிறுவனம் என்பதும் ஒரு பாதுகாப்பு இல்லை.

ஆகவே எந்தச் செயலியையும் வாசல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டகம் உங்களிடம் இருக்கட்டும். ஒப்புதலில் சொன்ன தேதிவரை வைத்திருக்க வேண்டிய பதிவுகளை மாதக் கடைசியில் எம்பி3 ஆகத் தரவிறக்கி, வகுப்பு, தேதி, மாணவரின் வரிசை எண் என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். தரவிறக்கும் வழியே இல்லாத செயலி என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நான் பதியும் பாடத்தில் மின்விசிறி இரைச்சல் அதிகம். நல்ல மைக் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். பகரம் வரும்போது மைக்கில் காற்று மோதும் 'டப்' சத்தம் அப்போதே குறைந்துவிடும். திரைச்சீலையும் துணிகளும் இருக்கும் அறையில் எதிரொலி குறையும்.

மிச்ச இரைச்சலுக்கு ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே வரும் மென்பொருள், கணினி வேண்டும். பதிவைத் தொடங்கியதும் 3 நொடி பேசாமல் இருங்கள். பிறகு அந்த 3 நொடியைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைப்பில் 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குக் காட்டுங்கள். அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே கட்டளையைக் கொடுங்கள். அளவாகக் குறையுங்கள், மிஞ்சினால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும்.

சேமிக்கும்போது ஒற்றைத் தடம், 64 கிலோபிட் எம்பி3 போதும்: நிமிடத்துக்கு அரை எம்பிதான். குறுந்தகட்டுத் தர வேவ் கோப்பாக அனுப்பினால் நிமிடத்துக்கு 10 எம்பி, மாணவரின் டேட்டா வீணாகும்.

இணைய வேகம் குறைந்த மாணவர்களோடு நேரலையில் பேசுவதற்கு எது நல்லது?

படம் வேண்டாம், குரல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கார்டு, இணையவழிக் கூட்டத்துக்கான ஜிட்சி போன்றவை பயன்படுத்தும் ஓபஸ் என்ற ஒலிக்குறியீட்டு முறை நொடிக்கு 6 கிலோபிட் வரைகூட இறங்கி வேலை செய்யக்கூடியது. ஜூம் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம் வரைதான், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம் வரை. ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 முதல் அறையைத் திறப்பவர் உள்நுழைய வேண்டும். மாணவர்களுக்கு அது தேவையில்லை.

என் வகுப்பில் செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். குரல் பயிற்சிகளையே விட்டுவிடலாமா?

விட வேண்டாம், எழுத்தைக் கூடவே கொடுங்கள். உங்கள் பாடப் பதிவுக்கு எழுத்துவடிவம் தயாரிக்க கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் வேலை செய்கிறது. குரோம் உலாவியில் திறந்து, பாடத்தை மெதுவாகப் பேசினால் எழுத்தாக விழும். சந்திப் பிழைகளும் பெயர்களும் நிறையத் தவறும், கட்டாயம் ஒருமுறை திருத்துங்கள். நேரலையில் பேசும்போது முக்கியமான வரிகளை அரட்டைப் பெட்டியிலும் இடுங்கள். அவர் குரலில் பதில் சொல்ல விரும்புகிறாரா, எழுத்திலா என்பதை அவரிடமே தனியாகக் கேளுங்கள். குரலில்தான் என்றால், அவருடைய பதிவை யார் கேட்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.